மீன் இல்லாத தொட்டிகள்

விடிந்தும் விடியாத நேரத்தில் பூன்தெங் கடை வாசலில் சின்ன முக்காலியைப் போட்டுக்கொண்டு பால்கெண்டைக்குச் செதில் உரிப்பான். டெங்குக் கொசுவுக்குப் பசி எடுப்பதும் அதே நேரத்தில்தான். அரைக்கால் சட்டையும் கை இல்லாத பனியனுமாக அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கிம்ஹோவாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷன் கஞ்சிக்கடை நடத்துகிறானா, கொசுவுக்குப் பந்தி வைக்கிறானா என்று தெரியவில்லை அவளுக்கு.

"முழுக்கைச் சட்டை போடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அடுப்புப் பக்கத்துல நின்னு பாரு, அப்புறம் சொல்லு."

"சரி, காலை நீட்டு." கொசு விரட்டும் தைலத்தை அவன் ஆடுசதையில் தேய்த்தாள். "இன்னொரு தடவை வந்துச்சுன்னா டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா, இல்லையா?"

"நீதான் தினமும் காலையில சொல்றியே, எப்படி மறக்கும்?" என்றான் பூன்தெங். "கஞ்சி குடிக்க வர்றவங்க எல்லாம் மீன் வாசனையா தைல வாசனையான்னு கேக்கறாங்க."

அவன் சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. சில வருடங்களுக்கு முன் தைவானில் தைனான் நகரமே டெங்கில் படுத்தபோது, பூன்தெங் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்து வந்தபோது டாக்டர் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். இந்த வைரஸில் நாலு வகை உண்டு. ஒன்று வந்து போனவருக்கு வேறொன்று வந்தால் முதல் தடவையைவிட மோசமாக இருக்கலாம். அதுவும் வயதானவர் என்றால் சொல்லவே வேண்டாம். பூன்தெங்குக்கு இப்போது அறுபத்தாறு.

அந்தப் பயத்தில்தான் கிம்ஹோவா தேர்தலில் நின்று வட்டத் தலைவி ஆனாள். பதவி ஆசை என்று ஊர் பேசியது, பேசட்டும். வாரம் இரண்டு முறை வீடு வீடாகப் போய், எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் கால்களுக்கு வைத்திருக்கும் தண்ணீர்க் கிண்ணம், குளிர்சாதனப் பெட்டியின் சொட்டு நீர் வாளி, சாமி மாடத்துப் பூ ஜாடி என்று ஒன்று விடாமல் கவிழ்ப்பாள். அவளைக் கண்டால் நாய்கூட தன் தண்ணீர்த் தட்டைக் காலி செய்துவிடும் என்று கேலி செய்வார்கள்.

வாசலில் இருக்கும் அல்லித் தொட்டியில் மட்டும் அவள் ஜம்பம் பலிக்கவில்லை. வாசலில் தண்ணீர் நின்றால்தான் வீட்டில் செல்வம் நிற்கும் என்பது அந்தச் சந்துகளின் நம்பிக்கை. கவிழ்க்கச் சொன்னால் அடிக்க வருவார்கள். அதனால் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குட்டையிலிருந்து கப்பி மீன்களைப் பிடித்து வந்து, முப்பத்தொரு வீட்டுத் தொட்டிகளிலும் விட்டாள். மீன் கொசுவின் கூத்தாடிப் புழுவைத் தின்றுவிடும். தொட்டியும் இருக்கும், கொசுவும் இருக்காது. எல்லாருக்கும் சந்தோஷம்.

போன வருடம் அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. பக்கத்து வட்டத்தில் யாருக்கோ காய்ச்சல் என்று இங்கேயும் சேர்த்துக் கொசு மருந்து அடித்தார்கள். மறுநாள் காலையில் அத்தனை தொட்டியிலும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஊரே அவள் வாசலில் கூடித் திட்டியது. அடுத்த வீட்டுப் பெக்சூ திட்டவில்லை. செத்த மீன்களை ஒரு கிண்ணத்தில் ஏந்தி வந்து, நின்று அழுதாள். பிள்ளை குட்டி இல்லாதவள். அந்த மீன்களுக்குப் பெயர் வைத்து வளர்த்தாள். திட்டினவர்களை எல்லாம் கிம்ஹோவா மறந்துவிட்டாள், அந்த அழுகையை மறக்க முடியவில்லை. புதிதாக மீன் பிடித்து வந்து கொடுத்தும் மனசு ஆறவில்லை.

அதனால் இந்த வருடக் கோடையில், எட்டாம் சந்து முடிதிருத்துபவருக்கு டெங்கு உறுதி என்று தெரிந்து, மறுநாள் மருந்து அடிப்பதாகச் சுகாதார அலுவலகத்திலிருந்து காகிதம் வந்ததும், முதலில் அவள் நினைவுக்கு வந்தவை மீன்கள்தான். காகிதம் அரசாங்க மொழியில் இருந்தது. ஒலிபெருக்கியில் அதை வீட்டுப் பேச்சில் மாற்றிச் சொல்வதுதான் அவள் வழக்கம். அப்படிச் சொன்னால்தான் வயசானவர்கள் காது கொடுப்பார்கள்.

"சாப்பாட்டை மூடி வைங்க, குருவிக் கூண்டை வெளியூர்ச் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்புங்க. மீனை எல்லாம் பிடிச்சு பேசின்ல போட்டு மூடி வைங்க. தொட்டியை பாலித்தீன் போட்டுக் கட்டிடுங்க, அப்பத்தான் மருந்து தண்ணிக்குள்ள இறங்காது. மருந்து அடிச்சதும் பாலித்தீனைப் பிரிச்சிடலாம்."

காகிதத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. மருந்து அடித்த மறுநாளே தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி மீனை விடவும் என்று. மறுநாளேவா! கிம்ஹோவாவுக்குக் கோபம்தான் வந்தது. இதை எழுதின மகராசனுக்குப் பெக்சூவின் அழுகை தெரியுமா? அந்த வரியை அவள் ஒலிபெருக்கியில் படிக்கவில்லை.

"மீனை மட்டும் அவசரப்பட்டு விட்டுறாதீங்க. மருந்து வாடை முழுக்கப் போகட்டும். பத்து நாள் கழிச்சு நானே சொல்றேன், அப்ப விடுங்க" என்று தன் சரக்கைச் சேர்த்து முடித்தாள்.

ஒரு மீன்கூடச் சாகவில்லை. ஊர் அவளை மெச்சியது.

ஒன்பதாம் நாள், சந்து சந்தாகத் தள்ளுவண்டியில் பயத்தம்பால் இனிப்பு விற்கும் ஹொக்லாய்க்கு டெங்கு என்று செய்தி வந்தது. நாலு நாளாகக் காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி தள்ளியிருக்கிறான், படுபாவி. அஞ்சாம் சந்தில் பூன்தெங்கின் கடை வாசலில் நின்று கஞ்சி குடித்துவிட்டும் போயிருக்கிறான்.

அன்று மத்தியானம் சுகாதார அலுவலகத்திலிருந்து யூசுவான் வந்தாள். முப்பது வயதுக்காரி, கையில் வலை, இடுப்பில் டார்ச். பெக்சூ வீட்டு வாசலில் கால் மணி நேரம் வலையை வீசிவிட்டுக் குழாயில் அடைத்துக் காட்டினாள். உள்ளே ஏழு கொசுக்கள்.

"மருந்து அடிச்சு ஒன்பது நாள்தான் ஆவுது. இத்தனை இருக்கக் கூடாதே அக்கா. எல்லாம் புதுசு, உடம்புல வெள்ளைக் கோடு பளபளன்னு இருக்கு பாருங்க. பக்கத்துல எங்கயோ பிரசவ ஆஸ்பத்திரி நடக்குது."

"என் வட்டத்துலயா?" கிம்ஹோவாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வா, நீயே பாரு."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். அலமாரிக் கிண்ணங்கள் காய்ந்து கிடந்தன. ஹெல்மெட்டுகள் கவிழ்ந்திருந்தன. துணி காயப்போடும் மூங்கிலின் ஓட்டையில்கூட யாரோ மணலை அடைத்திருந்தார்கள். பெக்சூ பின்னாலேயே வந்து, "தலைவரக்கா சொன்னதை எல்லாம் செஞ்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசல் தொட்டியை மூவரும் மூன்று தடவை கடந்து போனார்கள். தொட்டி என்றால் மீன், மீன் என்றால் பயமில்லை என்று கிம்ஹோவாவின் மனதில் மூன்று வருடமாகப் பதிந்துபோயிருந்தது.

யூசுவான்தான் குனிந்து பார்த்தாள். "இதுல மீன் எங்க?"

"உள்ள பேசின்ல பத்திரமா இருக்கு" என்றாள் பெக்சூ. "தண்ணி அழுக்காவுது, விட்டுறலாம்னு எங்க வீட்டுக்காரர் ஒரே நச்சு. தலைவரக்கா சொல்லாம விடமாட்டேன்னு சண்டையே போட்டுட்டேன்."

யூசுவான் டார்ச்சை அடித்தாள். அல்லி இலைக்கடியில் நூற்றுக்கணக்கில் புழுக்கள் நெளிந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், புழு பறக்காது. இலை ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தவிட்டைத் தூவின மாதிரி ஒட்டிக் கிடந்தவைதான் கிம்ஹோவாவை உலுக்கின. அவை உரித்துப்போட்ட கூடுகள். உள்ளே இருந்தவை பறந்துவிட்டன.

அவள் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பாலித்தீன் கட்டி மருந்து இறங்காமல் காப்பாற்றின சுத்தமான தண்ணீர். தின்ன ஒரு மீன் இல்லை. நடுவில் இரண்டு நாள் மழை வேறு. பக்கவாட்டில் ஒட்டியிருந்த முட்டைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? கொசு பிறக்கும்போது நோயோடு பிறப்பதில்லை, நோயாளியைக் கடித்துத்தான் வாங்கிக்கொள்ளும். ஹொக்லாய் காய்ச்சலோடு இந்தச் சந்தில்தான் நின்றிருக்கிறான். அதோ, சுவருக்கு அந்தப் பக்கம் பூன்தெங் பாத்திரம் கழுவும் சத்தம்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வீடு?" என்று யூசுவான் கேட்டாள்.

"முப்பது" என்றாள் கிம்ஹோவா.

மணி நாலு. ஹொக்லாய்க்கு வந்ததால் நாளைக் காலை மறுபடி மருந்து அடிக்க வருகிறார்கள், அது பறப்பவற்றைத்தான் கொல்லும். இன்றைக்குள் தொட்டிகள் காலியாகாவிட்டால் நாளை மறுநாள் அடுத்த கூட்டம் பறக்கும். வட்ட அலுவலகத்துக்கு ஓடி ஒலிபெருக்கியைப் போட்டாள். உண்மையைச் சொல்லத்தான் உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் தேர்தல். எதிர்த்து நிற்கும் சின்பியாவ் அவள் எப்போது சறுக்குவாள் என்று எதிர்ச்சாரியில் பாக்குக் கடை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருக்கிறான். வாயைத் திறந்தபோது வேறு வார்த்தைகள் வந்தன.

"அரசாங்க உத்தரவு. வாசல் தொட்டித் தண்ணியை எல்லாரும் உடனே கொட்டித் தேய்ச்சுக் கழுவணும்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் பார்த்தாள். நாலு வீட்டில்தான் தண்ணீர் கொட்டின சத்தம் கேட்டது. ஆறாம் சந்தில் முன்னாள் தபால்காரர் தொட்டியின் மேல் கையை விரித்துக் காவல் நின்றார்.

"ஏன் மாமா கொட்டல?"

"பத்து நாள்னு நீதானேம்மா சொன்ன? இன்னிக்கு ஒன்பதுதானே ஆவுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆபீஸ்காரன் ஆயிரம் சொல்லுவான். போன வருஷம் அவன் பேச்சைக் கேட்டுத்தானே மீனைப் பறிகொடுத்தோம்? நீ உத்தியோகத்துக்காக மைக்ல சொல்லித்தான் ஆவணும், எனக்குப் புரியுது. நாங்க உன் பேச்சைத்தான் கேப்போம், நீ கவலைப்படாத."

கண்ணைச் சிமிட்டி வேறு காட்டினார். கிம்ஹோவாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நம்பிக்கையை அவள் எங்கே போய்க் கொட்டுவாள்? அங்கேயே திரும்பி ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, எடுக்கவில்லை.

"நான் கிம்ஹோவா பேசறேன். உத்தரவு இல்ல இது, நானே பேசறேன். மீனைப் பத்து நாள் கழிச்சு விடச் சொன்னேன் இல்ல, அது தப்பு. மறுநாளே கழுவி விடணும்னு காகிதத்துல எழுதியிருந்துச்சு. எனக்குத்தான் எல்லாம் தெரியும்னு அந்த வரியைப் படிக்காம விட்டேன். மீன் இல்லாத தொட்டியில கொசு பொறந்து பறந்துட்டு இருக்கு. ஹொக்லாயைக் கடிச்ச கொசு நம்ம வீட்டுக்குள்ள இருக்கலாம். நீங்க யாரும் தப்பு செய்யல, நான் சொன்னதைத்தான் செஞ்சீங்க. இப்பவும் நான்தான் சொல்றேன், அரசாங்கம் இல்ல. கொட்டுங்க. பிரஷ் போட்டுத் தேய்ங்க, முட்டை சுவத்துல ஒட்டிட்டு இருக்கும். நாளைக்கு மருந்து அடிக்கட்டும், மறுநாளே புதுத் தண்ணி ஊத்தி மீனை விட்டுடுங்க. எனக்காகக் கொட்டுங்க."

மூன்று தடவை சொன்னாள். வெளியே சாக்கடையில் தண்ணீர் ஓடிவரும் சத்தம் கேட்டது, முதலில் ஒரு பக்கம், பிறகு எல்லாப் பக்கமும். அல்லி இலைகள் மிதந்து வந்தன. எதிரில் சின்பியாவ் செல்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் அது ஊர் பூராவும் பரவியது.

வீட்டுக்குப் போனபோது பூன்தெங் முழுக்கைச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னய்யா இது, சூரியன் மேற்கே உதிச்சிருக்கு?"

"மைக்ல பெரிய ஆள் பேசினாங்க, பயந்துட்டேன்" என்றான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

பிறகு காத்திருப்பது ஒன்றுதான் மிச்சம். வைரஸ் கொசுவின் வயிற்றில் முற்ற எட்டுப் பத்து நாள், கடிபட்ட மனிதனுக்குக் காய்ச்சல் வர ஐந்தாறு நாள். பதினைந்து நாள் போனால் மூச்சு விடலாம் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். காலையும் மாலையும் அவன் நெற்றியில் கை வைத்தாள். தும்மினால் தெர்மாமீட்டரை நீட்டினாள். இரண்டு கட்டில்களுக்கும் கொசுவலை, கடைக்கு இரண்டு மின்விசிறி.

"கல்யாணம் ஆன புதுசுல கூட நீ என்னை இப்படிப் பாக்கலடி" என்றான் அவன்.

"அப்ப நீ செத்துருவியோன்னு பயம் இல்ல" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பதினாறாம் நாள் நடுமத்தியானம், வெயில் தகரக் கூரையைப் பிளக்கும் நேரத்தில், பூன்தெங் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்றான். "குளிருது."

கிளினிக்கில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து சோதித்த பட்டையில் இரண்டு கோடுகள் வந்தன. அவனுக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருத்துவர் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பார்க்க வேண்டும் என்றார், காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து என்றார். கிம்ஹோவா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். இதையெல்லாம் அவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் யூசுவான் போனில் கூப்பிட்டாள். "அக்கா, சொல்லவே கஷ்டமா இருக்கு. நாளைக்கு உங்க வட்டத்துல மருந்து அடிக்கணும். இன்னிக்கே அறிவிச்சாகணும். காகிதம் அனுப்பியிருக்கேன்."

"நான் இங்கேந்து நகரமாட்டேன். சின்பியாவைச் சொல்லச் சொல்லு."

பூன்தெங் கண் மூடித்தான் படுத்திருந்தான். கன்னம் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. "அவன் சொன்னா எவன் கேப்பான்?" என்றான். "முப்பத்தொரு வீட்டுலயும் திரும்ப மீனைப் பிடிக்கணும். எப்ப விடணும்னு யாருக்குத் தெரியும்? போ. நீ வர்றதுக்குள்ள நான் எங்கயும் போயிட மாட்டேன்."

"சத்தியமா?"

"காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படி, அப்புறம் என்னைச் சத்தியம் கேளு." சிரிக்கப் பார்த்தான். பல்லிடுக்கில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் துடைத்துவிட்டாள். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

அஞ்சாம் சந்தைக் கடக்கும்போது பெக்சூவின் வீடு ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பூன்தெங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதிலிருந்து அவள் வெளியே தலை காட்டவில்லை, கதவைத் தட்டினாலும் பதில் இல்லை என்று வழியில் யாரோ சொன்னார்கள்.

கிம்ஹோவா ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்தாள். காகிதத்தில் எட்டு வரிகள். எட்டையும் படித்தாள், தன் சரக்கு ஒன்றையும் சேர்க்காமல். மறுநாளே கழுவி மீனை விடச் சொல்லும் கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். நோயாளி வீடு எது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் வந்திருக்கு. அவர் பிழைச்சு வரணும்னு வேண்டிக்குங்க." காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "பெக்சூ, கேக்குதா? நீ நான் சொன்னதைத்தான் செஞ்ச. உன் தொட்டி இல்லம்மா, என் வாய். கதவைத் திற. நாளைக்கு மருந்து அடிக்க வர்றாங்க, உன் மீனைப் பிடிக்க ஆள் வேணும்."

விசையை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அஞ்சாம் சந்துப் பக்கம் ஒரு ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. அவள் நின்று பார்க்கவில்லை, ஸ்கூட்டரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினாள்.